இதயக் கால்சியம் ஸ்கேன்: படம் நன்று, ரிப்போர்ட்தான் போதாது

என் அண்ணனுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் ட்ரெட்மில் சோதனையில் ஓடிக் காட்டி ‘நார்மல்’ என்று எழுதி வாங்கி வந்திருந்தார். ட்ரெட்மில்லில் தவறு ஏதும் இல்லை. ரத்த ஓட்டமே குறையும் அளவுக்குத் தமனி குறுகியிருந்தால்தான் அந்தச் சோதனைக்குத் தெரியும். பாதி அடைப்புகூட இல்லாத ஒரு கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை மூடிவிடும் என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. எனவே 52 வயதில், நெஞ்சு வலியோ மூச்சு வாங்குதலோ இல்லாத நிலையில், எங்கள் குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி நான் எடுத்துக்கொண்டது இதயத் தமனிக் கால்சியம் ஸ்கேன், அதாவது தமனிச் சுவரில் சேர்ந்த கால்சியத்தை அளக்கும் சிடி படம். சென்னையில் நான் போன ஸ்கேன் சென்டரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேறு இடங்களில் எடுத்த இரண்டு நண்பர்களின் ரிப்போர்ட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். குறைகள் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 2,800 ரூபாய். ஊசி இல்லை, கான்ட்ராஸ்ட் மருந்து இல்லை, வெறும் வயிற்றில் வர வேண்டியதும் இல்லை. மேசையில் படுத்ததிலிருந்து எழுந்தது வரை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்பதிவின்போது காப்பி குடிக்காமல் வரும்படி மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் வழக்கம்போல் ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பி குடித்துவிட்டுப் போனேன். மார்பில் ஈசிஜி ஒயர்களை ஒட்டியதும் திரையில் துடிப்பு 88 என்று காட்டியது. இதயம் இரு துடிப்புகளுக்கு இடையே ஓய்ந்திருக்கும் கணத்தில்தான் படம் எடுக்க வேண்டும் என்பதால், துடிப்பு வேகமாக இருந்தால் படம் கலங்கும். டெக்னீஷியன் பெண் அவசரப்படவில்லை. “பரவாயில்லை சார், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் படுத்திருங்க” என்று சொல்லி விளக்கைக் குறைத்துவிட்டு, 68க்கு இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அந்தப் பொறுமைக்கு முழு மதிப்பெண். கதிர்வீச்சும் ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட்தான். உலகச் சராசரிப்படி இயற்கையே ஆண்டொன்றுக்கு நமக்குத் தருவது 2.4.

மாலையில் ரிப்போர்ட் கிடைத்தது. பளபளப்பான கோப்புக்குள் ஒரே ஒரு தாள், அதன் நடுவே சிவப்பில் 142 என்ற எண், அதற்குக் கீழே ‘மிதமானது’ என்ற ஒரு சொல், அவ்வளவுதான். இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எது விடுபட்டிருக்கிறது என்பது புரியும். ஆர்தர் அகட்ஸ்டனும் வாரன் ஜனோவிட்சும் 1990இல் வெளியிட்ட முறை இது. படத்தில் 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு (சிடி படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) மேல் பளிச்சென்று தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் கால்சியமாகக் கொண்டு, அதன் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் அளந்து, அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரை ஓர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். 4 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரு புள்ளியின் உச்ச அடர்த்தி 320 என்றால் பெருக்க வேண்டிய எண் 3; 4ஐ 3ஆல் பெருக்கி 12. ஆக 142 என்பது எந்தெந்தத் தமனியில் எத்தனை எத்தனை என்ற கணக்கின் கூட்டுத்தொகை. அந்தப் பிரிப்பைக் கம்ப்யூட்டர் தானாகவே தந்துவிடும், தாளில்தான் அச்சிடவில்லை. கேட்டு வாங்கிய இரண்டாவது தாளில், 142இல் 118 இடது முன் தமனியில், மருத்துவர்கள் எல்ஏடி என்று சொல்லும் குழாயில், இருப்பதாகத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய விடுபடல், வயதோடு ஒப்பிட்டுச் சொல்லாதது. எழுபதைத் தாண்டிய ஆணுக்கு 142 பெரிய எண் அல்ல. 52 வயதுக்காரனுக்கு அப்படியல்ல. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ‘மெசா’ என்ற ஆய்வு, இதய நோய் இல்லாத 6,814 பேரைச் சேர்த்துத் தொடர்ந்து கவனித்துவந்தது. வயது, பால், இனம் கொடுத்தால் ஒருவர் எந்தச் சதமானத்தில் நிற்கிறார், அதாவது அவரைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேரைவிட அவர் எண் அதிகம் என்று காட்டும் கணிப்பான் அதிலிருந்து வந்தது, இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர் என நான்கே பிரிவுகள், நமக்கு இடமில்லை. எதைத் தேர்ந்தாலும் நான் 75ஐத் தாண்டியே நின்றேன். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியரை 2010 முதல் ஆராய்ந்த ‘மசாலா’ ஆய்வு (பெயரைக் கேட்டால் சிரிப்பு வருவது இயல்புதான்) தெற்காசிய ஆண்களின் கால்சியம் வெள்ளையர்களின் அளவை ஒட்டியே இருப்பதாகக் காட்டியது. ஆகவே வெள்ளையர் பிரிவைத் தோராய அளவுகோலாகக் கொள்ளலாம் என்றார் மருத்துவர். வயதோடு ஒப்பிடும் இந்த ஒரு வரியைச் சேர்க்க ரேடியாலஜிஸ்டுக்கு ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். 2018ஆம் ஆண்டின் அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல், நடுத்தர ஆபத்துள்ளவருக்குக் கால்சியம் எண் 100ஐ எட்டினாலோ 75ஆம் சதமானத்தை எட்டினாலோ, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாம் என்கிறது. அதாவது சிகிச்சை முடிவே இதில் தொங்குகிறது.

என் முக்கியப் புகார் ரிசப்ஷன் மேசையில் நடந்த பேச்சைப் பற்றியது. “சார், லேசா பிளாக் இருக்கு, நாளைக்கே சிடி ஆஞ்சியோ பண்ணிடலாம், இன்னிக்கு புக் பண்ணா தள்ளுபடி இருக்கு” என்று ரிசப்ஷனில் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்கள். கால்சியம் என்பது பிளாக் அல்ல. படிவு நெடுநாளாக இருந்து, ஆறி, கல்லாகிப்போன தழும்பு அது. குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதைக் காட்டுவது, கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோ. அதன் பெருமைக்குச் சான்றாகப் பலரும் காட்டும் ஸ்காட்லாந்தின் ‘ஸ்காட்-ஹார்ட்’ ஆய்வில் சேர்க்கப்பட்ட 4,146 பேரும் நெஞ்சு வலியோடு வந்தவர்கள். ஐந்து ஆண்டுகளில் இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்ந்து, வழக்கமான கவனிப்புப் பெற்ற தரப்பில் 3.9 சதவீதம், சிடி எடுத்த தரப்பில் 2.3 சதவீதம். அதற்குக் காரணம் ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) கூடியது அல்ல. படிவைப் படத்தில் பார்த்த மருத்துவர்கள் ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் கூடுதலானோருக்கு எழுதியதே முதன்மையான விளக்கமாகச் சொல்லப்படுகிறது. வலியே இல்லாத எனக்கு, ஸ்டாட்டின் எப்படியும் தொடங்கவிருக்கும் நிலையில், அந்தப் படம் என்ன புதிதாகத் தரும் என்று என் மருத்துவர் கேட்டார். நல்ல கேள்வி. அடைப்பு இருப்பது தெரிந்தால் உடனே ஸ்டென்ட் வைத்துவிட வேண்டும் என்ற நம்பிக்கையையும், 5,179 பேரை வைத்து நடந்து 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு ஆட்டம் காணவைத்தது: நிலையான நோயுள்ளவர்களிடம், முதலிலேயே தமனிக்குள் குழாய் செலுத்தி ஆஞ்சியோ செய்து அடைப்பைச் சரிசெய்வதால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை; நெஞ்சு வலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது.

அடுத்து, ‘வருடாந்திர இதயப் பாதுகாப்புத் திட்டம்’. ஆண்டுக்கு ஒரு கால்சியம் ஸ்கேன் வீதம் மூன்று ஆண்டுக்குச் சலுகை விலை. இதை வாங்காதீர்கள். ஸ்டாட்டின் சாப்பிடுபவருக்குக் கால்சியம் எண் குறையாது. பெரும்பாலும் கூடவே செய்யும், ஏனென்றால் அந்த மருந்து மென்மையான கொழுப்புப் படிவைச் சுருக்கிக் கெட்டியாக்குகிறது. 142 அடுத்த ஆண்டு 165 ஆனால், மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்வதா, நோய் முற்றுகிறது என்று அஞ்சுவதா? எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. படிவு சுருங்குவதை நேரில் அளக்க வேண்டுமென்றால், 2016இல் வெளியான ‘க்ளாகோவ்’ ஆய்வில் செய்ததுபோல் தமனிக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்த வேண்டும். ஸ்டாட்டினோடு, கெட்ட கொழுப்பை மேலும் இறக்கும் எவலோகுமாப் ஊசியும் போட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சராசரியாக 36.6க்கு இறங்கியும், 78 வாரங்களில் தமனியில் படிவு பிடித்திருந்த பங்கு ஒரு சதவீதப் புள்ளிக்கும் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியது.

பூஜ்யம் வந்தவர்கள் துள்ளிக் குதிப்பதையும் பார்த்திருக்கிறேன். நல்ல செய்திதான், ஆனால் கல்லாகாத படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர் ஆகியோர் பூஜ்யத்தைக் காட்டி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று அதே 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும், நெஞ்சு வலி இருப்பவர்களுக்கும் இது உரிய சோதனை அல்ல. மருந்து தொடங்குவதா வேண்டாமா என்று தானும் மருத்துவரும் தயங்கி நிற்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரருக்கே இதில் காசுக்கேற்ற பயன் உண்டு. எனக்கு அந்தப் பயன் கிடைத்தது: ரோசுவாஸ்டாட்டின் தொடங்கி மூன்று மாதத்தில் கெட்ட கொழுப்பு 148லிருந்து 71க்கு வந்திருக்கிறது. இனி பார்க்க வேண்டியது அந்த ரத்தப் பரிசோதனையைத்தான்.

ஸ்கேனுக்கும் டெக்னீஷியனுக்கும் ஐந்துக்கு ஐந்து, ரிப்போர்ட்டுக்கு இரண்டு, ரிசப்ஷனுக்கு ஒன்று. 46 வயதான என் தம்பி அடுத்த வாரம் அதே சென்டருக்குப் போகிறான். காப்பி குடிக்காமல் போகவும், தமனிவாரியான தாளையும் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கவும், ரிசப்ஷனில் நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வரவும் சொல்லியிருக்கிறேன்.