மொலாசஸா, மக்காச்சோளமா? சக்கையில் முடிந்த எத்தனால் கணக்கு

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு ஆலை போடலாம் என்று நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தபோது மூன்று பேர் மொலாசஸ் பக்கம், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு. கரும்பு போட்டு வளர்ந்த குடும்பம், மச்சானுக்குச் சர்க்கரை ஆலைகளில் பழக்கமும் உண்டு. நான் ஒருத்தன்தான் தானியம் என்றேன். அரிசி ஆலை ஓட்டிய புத்தி அது. குருணை, தவிடு, உமி எதையும் காசாக்காமல் வெளியே விட்டதில்லை. ஆறு மாத வாக்குவாதத்துக்குப் பிறகு மக்காச்சோளத்தில் இறங்கினோம், நாளுக்கு 60,000 லிட்டர். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்கப் போவதில்லை.

வடிக்கும் கோபுரங்கள், கடைசிச் சொட்டுத் தண்ணீரை இழுக்கும் மூலக்கூறு சல்லடை, சேமிப்புத் தொட்டி, எரிபொருள், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அமைப்பான பெசோவின் உரிமம் எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்பகுதிதான் வேறு. மொலாசஸில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீர் கலந்து ஈஸ்ட் விட்டால் ஒன்றேகால் நாளில் நொதித்துவிடும். மக்காச்சோளத்தை அரைத்து, வேகவைத்து, என்சைம் போட்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதற்கப்புறம் இரண்டு நாளுக்கு மேல் நொதிக்க விட வேண்டும். தொட்டியும் நீராவியும் கூடுதல். இந்த இடத்தில் மொலாசஸ்தான் ஜெயிக்கிறது, மறுப்பதற்கில்லை.

சரக்கு கிடைப்பதிலும் பெரிய வித்தியாசம். சொந்தமாகச் சர்க்கரை ஆலை இல்லாதவர் மொலாசஸுக்கு இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். அரவைக் காலம் முடிந்தால் வரத்து இளைத்துவிடும். மக்காச்சோளம் பெரம்பலூர், அரியலூர் பக்கமே விளைகிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளோடு போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும், அது தனிக் கதை.

என்னை முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை. வடித்த பிறகு அடியில் மிஞ்சுவது என்ன என்பதுதான்.

மொலாசஸில் ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பத்து லிட்டர் அளவில் ஸ்பென்ட் வாஷ் என்ற கழிவுநீர் வரும். எங்கள் அளவு ஆலைக்கு நாளுக்கு 6 லட்சம் லிட்டர், அதாவது முப்பது டேங்கர் லாரி. காப்பி நிறம், காரநெடி, ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. உரமாக்கலாம்தான், ஆனால் மழையில் அந்த உரக் களம் ஓடாது. அப்படிப்பட்ட ஆலைகளுக்கு வருஷத்துக்கு 270 நாள்தான் ஓட்ட அனுமதி. சுண்டக் காய்ச்சி கொதிகலனில் எரிப்பது இன்னொரு வழி. அதிலுள்ள பொட்டாஷ் சாம்பலாகிக் குழாய்களில் அடையாகப் படியும். நிறுத்தி நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தச் சாம்பலை உரத்துக்கு விற்கிறார்கள் என்பதும் உண்மை. அப்படி ஒரு ஆலையை இரண்டு நாள் சுற்றிப் பார்த்ததோடு சரி, ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. ஓட்டுகிறவர்கள் என்னைத் திருத்தலாம்.

மக்காச்சோளத்தில் மிஞ்சுவது தீவனம். ஒரு டன் போட்டால் சுமார் 380 லிட்டர் எத்தனால், கூடவே 300 கிலோ அளவுக்கு உலர்ந்த சக்கை. டிடிஜிஎஸ் என்பார்கள். புரதம் கால் பங்குக்கு மேல். கணக்கைப் பாருங்கள்: 2025-26 ஆதரவு விலையான குவிண்டால் 2,400 ரூபாய்க்கு வாங்கினால் லிட்டருக்குச் சோளச் செலவு மட்டும் 63 ரூபாய். எண்ணெய் நிறுவனங்கள் மக்காச்சோள எத்தனாலுக்கு 2025-26இல் தந்த விலை 71 ரூபாய் 86 காசு. இடையில் நிற்கும் ஒன்பது ரூபாய்க்குள் எரிபொருள், என்சைம், கூலி, வட்டி. சக்கை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் லிட்டர் கணக்கில் 80 காசு ஆடும். வருஷ லாபம் எத்தனால் தொட்டியில் இல்லை, சக்கைக் குடோனில்தான் இருக்கிறது.

அந்தக் குடோன் எங்களைக் கைவிட்டதும் உண்டு. முதல் ஐப்பசியில் ஈரச் சோளத்தை விலை குறைவு என்று வாங்கிப் போட்டோம். மாவுச்சத்து போய்விடுவதால் தானியத்தில் இருக்கும் பூஞ்சை நஞ்சு சக்கையில் மூன்று மடங்காகச் செறிந்துவிடும். தீவன ஆலையில் சோதித்துப் பார்த்து இரண்டு லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் வாசலிலேயே திருப்பிவிடுகிறோம். நாடு முழுக்கத் தானிய ஆலைகள் பெருகியதால் சக்கை விலையும் இறங்கியிருக்கிறது. அடுத்த வருஷம் எங்கே நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

அரசு முடிவுகள் இரண்டு பக்கமும் வெட்டும். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனால் ஆலைகளுக்குக் கொடுத்துவந்த அரிசி நின்றது. அதே வருஷம் டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கத் தடை வந்தது, பிறகு தளர்ந்தது. 2025-26க்கு எண்ணெய் நிறுவனங்கள் கேட்டது 1,050 கோடி லிட்டர், ஆலைகள் தர முன்வந்தது 1,776 கோடி. புதிதாக இடம் பார்ப்பவர்கள் சோளமா மொலாசஸா என்பதற்கு முன் இந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

சொந்தச் சர்க்கரை ஆலை இருந்தால் மொலாசஸ், இல்லாவிட்டால் தானியம் என்றுதான் இன்றும் சொல்வேன். தானியம் போடுகிறவர்கள் சக்கையைக் காயவைக்கும் டிரையரை ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள். நாங்கள் அதில்தான் கையைச் சுருக்கினோம். காயாத ஈரச் சக்கை மூன்றாம் நாளே புளித்துவிடும். பக்கத்து மாட்டுக்காரர்களுக்குச் சும்மா கொடுத்த லோடுகளை மச்சான் இன்னும் எண்ணிச் சொல்கிறார்.