வெளிநாட்டு ஆண்டின் ஒப்படை: அங்குள்ள பாடங்களா, குறிப்புக் கோவையா, தேயிலை அறிக்கையா?

பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் வணிக முகாமைத்துவம் படித்து, மூன்றாம் ஆண்டை ஜெர்மனியிலோ பிரான்சிலோ கழிக்கப்போகும் மலையகப் பிள்ளைக்கு, அந்த ஆண்டுக்குரிய ஒப்படையை முடிக்கப் பொதுவாக மூன்று வழிகள் இருக்கும். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பாடங்களை எடுத்துச் சித்தியடைவது ஒன்று. ஆண்டு முழுவதும் குறிப்பு எழுதி, அதை ஆய்ந்து கோவையாகக் கொடுப்பது இன்னொன்று. ஒரு தொழிற்றுறையைப் பற்றி 5,000 சொல் அளவில் அறிக்கை எழுதுவது மூன்றாவது. சில துறைகள் ஒன்றைத்தான் அனுமதிக்கும், சில இரண்டைச் சேர்த்துக் கேட்கும். பாடக் கையேட்டை வாசிக்காமல் எதையும் முடிவெடுக்க வேண்டாம்.

தெரிவு உங்கள் கையில் இருந்தால் தேயிலை அறிக்கையை எடுங்கள் என்பதே எங்கள் கருத்து. அட்டனிலோ தலவாக்கலையிலோ கொழுந்து நிறுப்பதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், ஹம்பர்க் கடையொன்றில் அதே தேயிலையின் விலையைப் பார்க்கிறார். அந்த வகுப்பில் வேறு யாருக்கும் இது வாய்க்காது. ஆனால் மூன்றிலும் கூடுதல் ஆயத்தம் கேட்பதும் இதுதான். ஆயத்தமில்லாமல் இறங்கினால் மற்ற இரண்டையும் விடக் குறைந்த புள்ளியில் கொண்டுபோய் விடும்.

அங்குள்ள பாடங்கள்

கணக்கு எளிது. ஐரோப்பாவில் ஓராண்டுக்கு 60 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுப் பாட அளவை) புள்ளி, அது பிரித்தானியாவின் 120க்குச் சமம். பேராதனை போன்ற நம் பல்கலைக்கழகத்திலிருந்து பரிமாற்றத்தில் போகிறவருக்கு இலங்கைத் தகைமைச் சட்டகப்படி ஓராண்டு 30 புள்ளி, ஒரு புள்ளிக்கு 50 மணி நேரம். இந்த மூன்று கணக்கிலும் வேலையின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

சிக்கல் மதிப்பெண்ணை மாற்றும்போது வருகிறது. பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் சித்தி, 14 என்பது நல்ல பெறுபேறு. அதை நேரடியாக 70 வீதம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது, உங்கள் துறையின் மாற்று அட்டவணை என்ன சொல்கிறது என்று புறப்படும் முன்னரே எழுத்தில் கேளுங்கள். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 வரை சித்தி, அதற்கு மேலே எண் கூடினால் சித்தியில்லை. அடுத்தது காலம். ஜெர்மனியின் கோடைப் பருவம் செப்டெம்பர் 30 வரை நீள்வதால், பெறுபேறு வரும் முன்பே பிரித்தானியாவில் பரீட்சைச் சபை கூடிவிடலாம். சித்தி, சித்தியில்லை என்று மட்டும் பதிவாகும் ஆண்டானால் இந்த வழி பாதுகாப்பானது. மதிப்பெண் பட்டத்தில் சேருமானால் அவ்வளவு பாதுகாப்பில்லை.

குறிப்புக் கோவை

சுலபம் என்று நினைத்து எடுப்பார்கள். ஏப்ரலில் உட்கார்ந்து, ஒக்டோபரில் நடந்ததை நினைவிலிருந்து எழுதுவார்கள். திகதியில்லாத, ஆளில்லாத, பொதுவான வாக்கியங்களே மிஞ்சும். வாரம் ஒருமுறை 200 சொல் போதும்: திகதி, நடந்தது, முடிவெடுத்தவர் யார், முதலில் நான் என்ன நினைத்தேன், அது பிழைத்த இடம் எது. மின்னஞ்சலோ கூட்டக் குறிப்போ ஒன்றைச் சான்றாகச் சேர்த்துவைக்க வேண்டும். அனுபவத்தை ஆய்ந்து எழுதுவதற்குக் கல்வியாளர் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிகளை (விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த திட்டம்) பல துறைகள் கேட்கும். புள்ளி நான்காவது படியில்தான் இருக்கிறது, எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே சொல்லை முடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழுக்கல், நாட்டுக்கு நாடு பண்பாட்டை எண்களால் ஒப்பிடும் ஹாஃப்ஸ்டெட்டின் குறிகாட்டிகள். அவை 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பிலிருந்து வளர்ந்தவை. ஒரு நாட்டின் சராசரியைக் கொண்டு ஒரு மேலாளரின் நடத்தையை விளக்க முடியாது. இலங்கையின் சராசரி தோட்டத்து வாழ்வைக் காட்டவும் காட்டாது. துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற படிவரிசையைக் கண்டு வளர்ந்தவர், மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் அலுவலகத்துக்குப் போனதும் "இங்கே படிநிலையே இல்லை" என்று எழுதிவிடுவார். 500 யூரோ செலவுக்கு யார் கையெழுத்திட வேண்டும் என்று விசாரித்தால் படிநிலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். பகுப்பாய்வு என்பது அந்த விசாரணைதான்.

தேயிலை அறிக்கை

கேள்வியைக் குறுக்குங்கள். "இலங்கைத் தேயிலையின் எதிர்காலம்" என்ற தலைப்பு 5,000 சொல்லில் அடங்காது. "ஒரு ஜெர்மன் நகரின் ஐந்து கடைகளில் இலங்கைத் தேயிலை எந்த அடையாளத்தோடு, எந்த விலைக்கு நிற்கிறது" என்பது அடங்கும்.

கடைக் கணக்கெடுப்புக்கு யாரையும் பேட்டி காண வேண்டியதில்லை. பெட்டி ஒவ்வொன்றிலும் ஐந்து விடயத்தைப் பதியுங்கள்: தேயிலை விளைந்த நாடு, பொதியிட்ட நாடு, இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம், நிறை, விலை. தனி இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதியிடப்பட்ட சில்லறைப் பெட்டிக்குத்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். ஆகவே "சிலோன்" என்று எழுதியும் சின்னம் இல்லாத பெட்டியைக் கண்டால் பொதியிட்ட இடத்தைத் தேடிப் பாருங்கள். பெறுமதி எந்த நாட்டில் சேர்கிறது என்பதற்கு அது தடயம். விலையை எப்போதும் 100 கிராமுக்கு மாற்ற வேண்டும். 25 பைகளுள்ள பெட்டி 1.99 யூரோ என்று வைப்போம். பை 1.75 கிராமானால் 100 கிராம் 4.55 யூரோ, பை 2 கிராமானால் 3.98 யூரோ. பெட்டி விலையை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றென்றே தெரியும்.

கடை விலைக்கும் ஏல விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதையும் இலாபம் என்று எழுதினால் அறிக்கை அங்கேயே சரிந்துவிடும். கலத்தல், பை, பெட்டி, கப்பல், கடைக்காரர் பங்கு, ஜெர்மனியின் 7 வீத வற் வரி எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது, 2020 முதல் இணையவழியில் நடக்கிறது. அதன் விலைகளை உயரப் பிரிவோடு எடுக்க வேண்டும்: 4,000 அடிக்கு மேல் உயர்நிலம், 2,000 முதல் 4,000 வரை இடைநிலம், அதற்குக் கீழே தாழ்நிலம். நாட்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் தாழ்நிலத்தில் விளைவதால், தேசிய சராசரியை எடுத்து நுவரெலியாவைப் பற்றிப் பேச முடியாது. 2021க்கும் 2022க்கும் இடையே ரூபாய் விலை ஏறக்குறைய இரட்டித்தது போலத் தெரியும். 2022 மார்ச்சுக்குப் பின் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறியதே அதில் பெரும் பங்கு. மாத சராசரி மாற்று வீதத்தால் வகுத்து, இரண்டு நாணயத்திலும் வரைபடம் போடுங்கள்.

அதிகம் பிழைக்கும் இடம் சம்பளக் கணக்கு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. ஒரு பேருக்கு (ஒருவரின் ஒரு நாள் வேலைக்கு) 18 கிலோ கொழுந்து என்று வைத்து 1,350ஐ 18ஆல் வகுத்து, கிலோவுக்கு 75 ரூபாய்தான் என்று எழுதுவார்கள். அது பச்சைக் கொழுந்தின் கணக்கு, ஏலத்தில் விற்பது தூள். 21.5 வீதம் தேறினால் 18 கிலோவிலிருந்து 3.87 கிலோ தூள்தான் வரும். அப்படியானால் கிலோவுக்கு 349 ரூபாய். முதலாளி கட்டும் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம் சேர்த்தால் 401. பேருக்குரிய நிறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் என்பதால், எடுத்த அளவைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

கம்பெனி ஆண்டறிக்கைகள் கொழும்புப் பங்குச் சந்தையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். சில பெருந்தோட்டக் கம்பெனிகளின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, சிலவற்றினது டிசெம்பரில். கவனிக்காமல் பக்கத்தில் பக்கம் வைத்தால், 2022 போன்ற ஆண்டில் ஒப்பீடு முழுவதும் பொய்யாகும்.

தொழிலாளரைப் பேட்டி காண விரும்பினால் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். அதற்கு முன் எடுத்த பேட்டியைப் பயன்படுத்த முடியாது. சம்மதப் படிவம் தமிழில், வாய்விட்டு வாசித்துக் காட்டக்கூடிய நடையில் இருக்கட்டும். துரையிடம் சொல்லி, கங்காணி கூட்டிவரும் ஆட்களிடம் பேசினால் அவர்கள் மறுக்க முடியாத நிலையில் இருப்பார்கள், சொல்வதும் மாறும். பரீட்சகர் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள், ஆங்கிலமாக்கும் வேலை அதற்கு மேல். ஒக்டோபர் முடியும்வரை அனுமதி வராவிட்டால் பேட்டியை விட்டுவிடுங்கள். கடைக் கணக்கெடுப்பு, ஏல விலை, ஆண்டறிக்கை மூன்றுமே ஒரு நல்ல அறிக்கைக்குப் போதும்.

அதே அறிக்கையை அங்குள்ள பாடமொன்றுக்கும் கொடுத்துப் புள்ளி வாங்க நினைக்க வேண்டாம். எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிடின் மென்பொருள் அதைப் பிடிக்கலாம், சொந்த எழுத்தானாலும் இருமுறை சமர்ப்பித்தல் குற்றமே. அங்கே கணக்கெடுப்பு முறையை மட்டும் எழுதி, இங்கே முடிவுகளை எழுதப்போவதாக இரு விரிவுரையாளர்களுக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.