பைடன், சாண்டர்ஸ், வாரன்: பணம் யாருடைய காதை வாங்குகிறது?

2020 மார்ச் 3, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாய். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில், வர்ஜீனியாவில் நான் செனட்டர் எலிசபெத் வாரனுக்கு ஓட்டுப் போட்டேன். இங்கே கட்சி உறுப்பினராகப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, வாக்காளர் யாரும் போய்ப் போடலாம். பைடன் 53 சதவீதம் வாங்கினார், சாண்டர்ஸ் 23, வாரன் 11. தோற்றவருக்குப் போட்ட ஓட்டைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. கார்ப்பரேட் பணத்தை வைத்து வேட்பாளர்களை எடைபோடுவது எப்படி என்ற கேள்வி அந்தத் தேர்தலோடு முடியவில்லை. 2024ல் ஈலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் டிரம்ப்பையும் அவருடைய கட்சியினரையும் ஜெயிக்க வைக்க 25 கோடி டாலருக்கும் மேல் செலவழித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். அதிபர் தேர்தல், காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் தேர்தல் போன்றவற்றில் நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் கொடுப்பது 1907லிருந்தே தடை. தனிநபர் ஒருவர் 2020 முதல்கட்டத் தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 2,800 டாலர் வரை கொடுக்கலாம். ஆனால் 2010ல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அளித்த தீர்ப்பும், அதையொட்டி வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பும் சேர்ந்து, தேர்தலுக்குப் பணம் திரட்டும் சூப்பர் பேக் என்ற வெளி அமைப்புகளுக்கு வழி திறந்தன. வேட்பாளரோடு சேர்ந்து திட்டமிடாத வரை அவை எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், செலவழிக்கலாம்.

வர்ஜீனியாவில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. எங்கள் மாநிலத் தேர்தல்களில் நன்கொடைக்கு உச்சவரம்பே கிடையாது, நிறுவனங்களும் நேரடியாகவே கொடுக்கலாம். இங்கே பெரும்பகுதிக்கு மின்சாரம் தரும் டொமினியன் எனர்ஜி இரண்டு கட்சிகளுக்கும் ஆண்டுதோறும் கொடுத்து வந்தது. 2015ல் சட்டமன்றம் அதன் அடிப்படைக் கட்டணத்தைச் சில ஆண்டுகளுக்கு அப்படியே நிறுத்தி வைத்தது. கணக்கைப் பார்த்து, அதிக லாபம் இருந்தால் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரச் சொல்லும் ஆணையத்தின் கை அந்தக் காலத்துக்குக் கட்டப்பட்டது. இதற்கு எதிராகத்தான் 2019ல் பல ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் "டொமினியன் பணம் வேண்டாம்" என்று சொல்லியே நின்றார்கள். ஓட்டுச்சீட்டைப் பார்க்கும் என் பார்வை அங்கேதான் மாறியது. பணம் பெரும்பாலும் கையெழுத்தை வாங்குவதில்லை, காதை வாங்குகிறது. யார் சொல்வது தலைவரின் காதில் தினமும் விழுகிறது, யாருடைய கஷ்டம் அவரை எட்டுவதே இல்லை என்பதைத்தான் அது முடிவு செய்கிறது.

நியூயார்க்கின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். யாரிடமும் நன்கொடை வாங்காமல், சொந்தப் பணத்தில் சுமார் 100 கோடி டாலர் செலவழித்து, அமெரிக்க சமோவாவை மட்டும் ஜெயித்து, சூப்பர் செவ்வாய்க்கு மறுநாள் விலகினார். அவர் யாருக்கும் கடன்படவில்லை என்பது உண்மை. ஆனால் பணக்காரரின் செல்வாக்கு குறைய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, பணக்காரரே நேராக வந்து நாற்காலியில் உட்காருவது தீர்வாகாது.

செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் வேறு ரகம். பணம் வந்த வழியை மட்டும் பார்த்தால் அவர்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019ன் கடைசி மூன்று மாதங்களில் 3.45 கோடி டாலர் திரட்டினார், ஒரு நன்கொடைக்குச் சராசரி 18 டாலர்தான். இதில் இன்னொரு பலமும் உண்டு. 2,800 டாலர் கொடுத்தவர் அதோடு சரி, 18 டாலர் கொடுத்தவர் அடுத்த மாதமும் கொடுக்கலாம். அவரை ஆதரித்துச் செலவழித்த வெளி அமைப்புகளும் இருந்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2016ல் செவிலியர் சங்கத்தின் சூப்பர் பேக் அவருக்காகச் செலவழித்தது. ஆனால் அது கார்ப்பரேட் பணம் இல்லை.

பைடனை எடைபோட நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சட்டம்: 2005ல் வந்த திவால் சட்டம். 2019 ஏப்ரலில் போட்டியை அறிவித்த அன்றே காம்காஸ்ட் நிறுவன அதிகாரி ஒருவரின் வீட்டில் நிதி திரட்டினார், அக்டோபரில் சூப்பர் பேக் எதிர்ப்பையும் கைவிட்டார். இதெல்லாம் அப்போதே செய்தியில் வந்தவை, பல வேட்பாளர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் செய்பவை. திவால் சட்டத்தின் கதை அப்படியல்ல, அதில் பணமும் காதும் சேர்ந்து இயங்குவது தெளிவாகத் தெரிகிறது.

டெலவேர் சின்ன மாநிலம். 1981லேயே வங்கிகளுக்கு வசதியாகச் சட்டம் இயற்றி கிரெடிட் கார்டு நிறுவனங்களை இழுத்துக்கொண்டது. எம்பிஎன்ஏ என்ற பெரிய கார்டு நிறுவனத்தின் தலைமையகம் அங்கே வில்மிங்டனில் இருந்தது. அதன் ஊழியர்களும் அதிகாரிகளும் செனட்டர் பைடனுக்குப் பல ஆண்டுகள் முன்வரிசை நன்கொடையாளர்கள். அவருடைய மகன் ஹண்டரும் அங்கே வேலை பார்த்தார். கடனாளிகள் திவால் மனுப் போட்டுத் தப்பிக்கிறார்கள், சட்டத்தை இறுக்க வேண்டும் என்று வங்கிகள் 1990களின் பிற்பகுதியிலிருந்து காங்கிரசை நெருக்கின. 2000ல் பில் கிளிண்டன் கையெழுத்துப் போடாமல் மசோதாவைச் சாகவிட்டார். 2005ல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். செனட்டில் 74 பேர் ஆதரவு, 25 பேர் எதிர்ப்பு. பைடன் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள், அவர் ஆதரித்தார்.

அந்தச் சட்டம் என்ன செய்தது? மாநிலத்தின் இடைநிலை வருமானத்துக்கு மேல் சம்பாதிப்பவர் கடனை மொத்தமாகக் கழித்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவது கடினமானது. வருமானச் சோதனையில் தேறாதவர் பல ஆண்டுத் தவணைத் திட்டத்துக்குத்தான் போக முடியும். மனுப் போடும் முன்பே கடன் ஆலோசனை கட்டாயம். தனியார் வங்கிகள் கொடுத்த கல்விக் கடன், ஆள் திவாலானாலும் சாதாரணமாகக் கழியாது. இங்கே கல்லூரியில் பிள்ளை படிக்கும் எந்தக் குடும்பத்துக்கும், நம்மவர்கள் உட்பட, அந்தக் கடைசி வரியின் கனம் புரியும்.

பைடன் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. அந்த நிறுவனங்கள் அவருடைய மாநிலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுத்தன. பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கு மற்ற கடன்களை விட முன்னுரிமை கிடைத்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். அவர் விலைபோனார் என்று நான் சொல்லவில்லை. வில்மிங்டனில் அவர் நாள்தோறும் பார்த்த முகங்களில் வங்கிக்காரர்கள் அதிகம், மருத்துவமனை பில்லால் திவாலானவர்கள் குறைவு. அது போதும்.

அந்தக் குறைவாகக் கேட்கப்பட்டவர்களின் கோப்புகளைத்தான் வாரன் பல வருடங்கள் படித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் ஹார்வர்டில் சட்டப் பேராசிரியர். நீதிமன்றங்களிலிருந்து திவால் மனுக்களை எடுத்து, சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அலசி, இவர்கள் ஊதாரிகள் இல்லை, வேலை போனவர்கள், நோயில் விழுந்தவர்கள், குடும்பம் பிரிந்தவர்கள் என்று காட்டினார். 2005 பிப்ரவரியில் செனட் நீதிக் குழுவின் முன் சாட்சி சொல்லப் போனபோது பைடனோடு நேருக்கு நேர் வாதாடினார். ஹிலரி கிளிண்டனைப் பற்றி அவர் 2004லேயே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னதும் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதிபரின் மனைவியாக இருந்தபோது வாரன் விளக்கியதைக் கேட்டு மசோதாவை எதிர்த்த ஹிலரி, நியூயார்க் செனட்டரானபின் 2001ல் அதே மாதிரி மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். ஜீவனாம்சப் பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டுதான் ஆதரித்தேன் என்பது ஹிலரியின் பதில். இருக்கட்டும். ஆள் ஒருவரேதான், சுற்றி நின்றவர்கள் மாறியிருந்தார்கள்.

இதை அருகில் நின்று பார்த்தவர் எப்படி வேலை செய்வார் என்பதைக் கவனித்துத்தான் நான் முடிவெடுத்தேன். 2019 பிப்ரவரியில், பெரும் நன்கொடையாளர்களுக்கான விருந்துகளும் தொலைபேசி அழைப்புகளும் கிடையாது என்று வாரன் அறிவித்தார். அவருடைய நிதிப் பொறுப்பாளர் அதனாலேயே விலகிப்போனார். மிச்சமான நேரம் கூட்டம் முடிந்து மணிக்கணக்காக வரிசையில் நின்றவர்களுக்குப் போனது. அதற்கு முந்தைய வருடம் அவர் கொண்டுவந்த ஊழல் தடுப்பு மசோதாவில், காங்கிரஸ் உறுப்பினர்கள் பதவிக்குப்பின் ஆயுள் முழுக்க, நிறுவனங்களுக்காக அரசிடம் பரிந்து பேசும் லாபி வேலைக்குப் போகக் கூடாது, பதவியில் இருக்கும்போது தனித்தனி நிறுவனப் பங்குகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதிகள் இருந்தன. சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பை அரசியல் சாசனத் திருத்தத்தால் மாற்ற வேண்டும் என்று வாரன், சாண்டர்ஸ் இரண்டு பேருமே சொன்னார்கள். அதற்கு காங்கிரசில் மூன்றில் இரண்டு பங்கும் 38 மாநிலங்களும் வேண்டும், என் ஆயுளில் நடக்குமா என்பது சந்தேகம். சாதாரணச் சட்டத்தால் எந்த ஓட்டையை அடைக்கலாம் என்பதை வாரன் அளவுக்கு நுணுக்கமாக வேறு யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் அதே நாள் சாண்டர்ஸுக்கு ஓட்டுப் போட்ட என் மைத்துனன் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டான். "அத்தான், பிப்ரவரி ஆரம்பம் வரைக்கும் சூப்பர் பேக் கூடாதுன்னு சொன்னவங்க, கையில காசு தீர்ந்ததும் சரின்னுட்டாங்களே. நெருக்கடியில நிக்காத வாக்குக்கு என்ன மதிப்பு?" என்பான். அவன் சொல்வது சரியான அடி. நெவாடா மாநிலத்தின் முறை வருவதற்கு முன்னால் வாரனை ஆதரித்து ஒரு சூப்பர் பேக் கிளம்பியது. மற்ற எல்லோரும் நிறுத்தினால் நானும் நிறுத்தச் சொல்கிறேன் என்றார், நிறுத்தச் சொல்லவில்லை. அதன் பணத்தில் பெரும்பகுதி ஒரே ஒருவரிடமிருந்து வந்தது என்பது சூப்பர் செவ்வாய் முடிந்தபின்தான் வெளியே தெரிந்தது. அதோடு, 2018 செனட் தேர்தலுக்காகப் பழைய முறையிலும் திரட்டிய தொகையிலிருந்து 1 கோடி டாலருக்கு மேல் அதிபர் பிரச்சாரத்துக்கு மாற்றியிருந்தார். எனக்கு வலித்தது, ஆனாலும் ஓட்டை மாற்றவில்லை. பின்னால் தெரிந்தபடி, அந்த நன்கொடையாளர் வங்கியோ மின்சார நிறுவனமோ இல்லை. வாரனின் மேஜையில் இருந்த மசோதாக்களில் எதையும் அந்தப் பணம் மாற்றியதாகவும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் பைடன் விஷயத்தில் என் அளவுகோல் முழுசாக வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காசு வற்றிப்போன நிலையில் அவர் சூப்பர் செவ்வாயில் பத்து மாநிலங்களை ஜெயித்தார், பணம் மட்டுமே தேர்தலைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாளில் வாரனின் திவால் சட்டத் திட்டத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டார். அதிபரானபின், பெரு நிறுவனங்களைத் தட்டிக்கேட்பதில் பெயர் வாங்கிய லீனா கானை ஃபெடரல் வணிக ஆணையத்தின் தலைவராக்கினார். அரசு கொடுத்த கல்விக் கடனைத் திவால் வழக்கில் கழிப்பதை 2022ல் அவருடைய நிர்வாகம் கொஞ்சம் எளிதாக்கியது. ஆனால் 2005 சட்டம் அப்படியேதான் இருக்கிறது. சாண்டர்ஸ் அதிபராகியிருந்தால் அந்த 18 டாலர்காரர்களின் குரல் ஆட்சியிலும் கேட்டிருக்குமா என்பதும் யாருக்கும் தெரியாது, அப்படி ஒரு அதிபரை இந்த நாடு பார்த்ததில்லை.

சட்டத்தின் ஓட்டைகளை அடைப்பதில் வாரன் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையத்தை. யோசனை அவருடையது, 2010ல் சட்டமானது. அதன் பணம் காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்குவது இல்லை, மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விலிருந்து வருகிறது. வங்கிகளின் லாபி ஆட்கள் நிதிக் குழுவைப் பிடித்து அதைப் பட்டினி போட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. 2024ல் உச்ச நீதிமன்றமே 7-2 என்ற கணக்கில் அந்த ஏற்பாடு செல்லும் என்றது. ஆனால் அதற்கு முன்பே, 2020ல், அதன் இயக்குநரை அதிபர் நினைத்தபோது நீக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் நியமித்த தற்காலிகத் தலைவர் ஊழியர்களை வேலையை நிறுத்தச் சொன்னார், அடுத்த காலாண்டுக்குப் பணமே வேண்டாம் என்று ஃபெடரல் ரிசர்வுக்குக் கடிதமும் எழுதினார். லாபிக்காரர்களின் வழியை அடைத்த ஏற்பாட்டால், நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதை மட்டும் தடுக்க முடியவில்லை. என் மைத்துனன் இதையும் தன் பக்கத்துச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்கிறான். அந்த ஒரு வாதத்துக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை.