பேரூராட்சி மாநகராட்சியான பின்: மண்டல அலுவலகச் சேவை எப்படி இருக்கிறது?

எங்கள் ஊர் பேரூராட்சியாக இருந்து மாநகராட்சியோடு சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். தந்தையார் காலமான பின், வீட்டின் சொத்து வரியைத் தாயார் பெயருக்கு மாற்றுவதற்காக மண்டல அலுவலகத்துக்கு மூன்று முறை சென்று வந்தேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம்.

வரி செலுத்துவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பு ஒரே எழுத்தர்தான். அவர் வசூலுக்கு வெளியே போய்விட்டால் அன்று ரசீது கிடையாது. இப்போது வீட்டிலிருந்தே கட்டிவிடலாம். ஆனால், இணைப்பின்போது புதிய வரிவிதிப்பு எண் கொடுத்தவர்கள் எங்கள் கதவிலக்கத்தின் ‘அ’வை விட்டுவிட்டதால், 14அ வெறும் 14 ஆகியிருந்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல் அனைத்தும் சரியாக இருந்தும், அந்த ஒற்றை எழுத்துக்காக மேசை மேசையாக நிற்க நேர்ந்தது. கடைசியில் கைகொடுத்தது, அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய பேரூராட்சி ரசீதுதான்.

தெருவிளக்கும் குடிநீரும் வேறு கதை. முன்பு வால்வு திறப்பவரையும் வார்டு உறுப்பினரையும் தெருமுனையிலேயே பிடித்துவிடலாம். இப்போது புகார் எண் உடனே வருகிறது, ஆள் வருவதற்கு நாளாகிறது. இது இணைப்பின் இயல்பு என்றே நினைக்கிறேன். 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில், ஐந்து நகராட்சிகளுக்கும் ஐந்து பேரூராட்சிகளுக்கும் தனித்தனியே மன்றங்கள் இருந்த இடத்தில், இன்று 70 வார்டுகளுக்கு ஒரே மன்றம். அதே தாம்பரமும் பல்லாவரமும் தனித்தனி நகராட்சிகளாக இருந்தபோதே வேங்கடமங்கலத்தில் கூட்டாகக் குப்பை மேலாண்மைத் திட்டம் நடத்தின. குப்பை, குடிநீர், கணினி வசதி போன்றவற்றுக்குக் கூட்டு வைத்துக்கொண்டு மன்றங்களை விட்டுவைத்திருக்கலாம் என்பது என் கருத்து. எங்களோடு சேர்ந்த பக்கத்துக் கிராம ஊராட்சிக்கு இழப்பு இன்னும் அதிகம். ஊரகப் பகுதி என்ற தகுதி போனதும் நூறு நாள் வேலையும் போய்விட்டது.

பணியாளர்கள் மரியாதையாகவே பேசினார்கள். முதியோர் உட்கார நாற்காலிகள் உண்டு, குடிநீர்தான் இல்லை. பெயர் மாற்றத்துக்குச் செல்வோர் இணைப்புக்கு முந்தைய ரசீது ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பதினொரு மணிக்குள் போய்விடுவதும் நல்லது. அதன்பின் வருவாய் ஆய்வாளர் வார்டு சுற்றக் கிளம்பிவிடுகிறார்.