கானாடுகாத்தான் விடுதியில் கூகுள் டிரைவ்: சில வருட அனுபவம்

பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக நடத்துகிறோம். முன்பதிவு, கணக்கு வழக்கு, விருந்தினர் ஆவணங்கள் எல்லாமே கூகுளின் இணையச் சேமிப்பான டிரைவில்தான். வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும் என்பதால் பாஸ்போர்ட், விசா நகல்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். மார்கழி, தையில் கேட்கவே வேண்டாம்.

சேவை நன்றாகத்தான் இருக்கிறது. வரவேற்பறைக் கணினி படுத்துவிட்டாலும் கைபேசியில் வேலை ஓடும். ஆனால் ‘பெரிய கம்பெனி, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கட்டடம், சர்வர், வட்டு இதெல்லாம் அவர்கள் பொறுப்பு. யார் எதைத் திறக்கலாம் என்பது நம் பொறுப்பு. பங்காளிகள் சேர்ந்திருக்கும் வளவு வீட்டில் முகப்பு பொது, அறைப் பூட்டு அந்தந்தப் புள்ளிக்கு (மணமான தம்பதியின் குடும்பத்துக்கு), அதே முறைதான்.

பயமே அந்தப் பகிர்வுப் பொத்தானில்தான். டிராவல்ஸ்காரர் அவசரமாக நகல் கேட்பார். ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றி வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது ஒரு நொடி வேலை. அந்த லிங்க் எந்தக் குழுவுக்குப் போனாலும் திறக்கும், விருந்தினர் ஊர் திரும்பிய பிறகும் திறக்கும். எங்கள் விடுதியில் குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் காலாவதி தேதி போட்டு.

அப்புறம், டிரைவில் போட்டுவிட்டால் பேக்கப் ஆகிவிடாது. அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போயே போச்சு. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் (சர்வர்கள் இருக்கும் கட்டடம்) எரிந்தபோது, வேறு இடத்தில் பிரதி வைக்காத பலர் தரவை அடியோடு இழந்தார்கள். எங்கள் டிரைவ் கோப்புகளின் பிரதி ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், கணக்குப்பிள்ளை அறை அலமாரியில் பூட்டி இருக்கிறது.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது: வேலையை வேறு நிறுவனத்திடம் கொடுத்தாலும் வாடிக்கையாளரிடம் தரவு வாங்கியவர்தான் பொறுப்பு. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அபராதம் இருக்கட்டும், விருந்தினர் பாஸ்போர்ட்டை நீட்டுவது நம் முகத்தைப் பார்த்துத்தானே!

சிறு விடுதிக்காரர்களுக்குச் சொல்வேன்: ஒரே இலவசக் கணக்கின் கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். கட்டணக் கணக்கு எடுத்து ஆளுக்கொரு லாகின், இருபடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும்) வையுங்கள். ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே அவர் கணக்கை முடக்கிவிடலாம். அந்த ஒரு வசதிக்கே கொடுக்கிற காசு தகும்.