வெள்ளி மிகுந்த தாதுவுக்கு மெரில்–குரோவ் ஆலை: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வெள்ளியும் தங்கமும் கலந்த தாதுவைச் சயனைடு கரைசலில் கரைத்து உலோகத்தை மீட்க ஆலை தேடுபவர்கள், உலோகத்தைக் கரியில் ஏற்றும் கார்பன் தொட்டியா, திடமாக வீழ்த்தும் துத்தநாகத்தூளா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கரைசலில் தங்கத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல் வெள்ளி இருந்தால் எங்கள் ஓட்டு துத்தநாகத்துக்கே, அதாவது மெரில்–குரோவ் முறைக்கே. ஒரு கணக்கைப் பாருங்கள். தினம் 3,000 டன் தாது, டன்னுக்கு 300 கிராம் வெள்ளி, 90 சதவீதம் கரைகிறது என்றால் நாளுக்கு 810 கிலோ வெள்ளி. ஒரு டன் கரியில் 10 கிலோ ஏறினாலும் தினம் 81 டன் கரியைக் கழுவி உலோகம் பிரிக்க வேண்டும். அதே வெள்ளியை வீழ்த்த வேதியியல்படி சுமார் 245 கிலோ துத்தநாகம் போதும். நடைமுறையில் இரண்டு மடங்கு செலவானாலும் அரை டன்தான். ரஷ்யாவின் சுகோத்காவிலுள்ள குபோல், மெக்சிகோவின் சான் டிமாஸ் போன்ற நிலத்தடிச் சுரங்கங்கள் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தது காரணமில்லாமல் இல்லை.

ஆனால் விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இருக்கும் துத்தநாக ஊட்டியையும், வீழ்ந்த உலோகத்தைப் பிடிக்கும் ஃபில்டர் பிரஸ்ஸையும் வைத்து ஆலையை எடை போடாதீர்கள். பணம் போக வேண்டிய இடம் அதற்கு முன்னால் இருக்கிறது: கரைசலைத் தெளிவாக்கும் வடிகட்டி, கரைசலிலிருந்து காற்றை உறிஞ்சும் கோபுரம். மெரில் தந்தது துத்தநாகத்தூள். குரோவ் சேர்த்தது வெற்றிடக் கோபுரம். அந்தக் கோபுரம் வந்த பிறகுதான் துத்தநாகச் செலவு கட்டுக்குள் வந்தது.

தெளிவாக்கும் வடிகட்டி வெளியேற்றும் கரைசலில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 1 மில்லிகிராம் என்றால் நிம்மதி. வடிகட்டித் துணிமேல் டயட்டம் மண் பூசாமல் இந்த அளவு வராது. ஒன்று கழுவலில் இருக்கும்போது இன்னொன்று ஓட வேண்டும், ஆகவே குறைந்தது இரண்டு வடிகட்டிகள் கேளுங்கள். ஒற்றை வடிகட்டியோடு வரும் மலிவான தொகுப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கோபுரத்துக்குப் பிறகு கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் துத்தநாகம் வெள்ளியை வீழ்த்தாமல் ஆக்சிஜனுக்கே இரையாகும். வீழ்ந்த உலோகமும் திரும்பக் கரையும். இங்கே பலரும் தவறவிடுவது பம்ப். வெற்றிடத்திலிருந்து இழுக்கும் பம்பின் அச்சுச் சீல் வழியாகக் காற்று உள்ளே நுழையும். கோபுரத்தில் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும், பிரஸ்ஸில் வெள்ளி தப்பிக்கொண்டிருக்கும். சீல் கரைசலுக்குள் மூழ்கியிருக்கும் பம்பைத்தான் வாங்க வேண்டும். ஆக்சிஜன் அளவியை கோபுரத்தின் அடியில் மட்டுமன்றி, பம்புக்கு அப்பாலும் பொருத்துங்கள்.

துத்தநாகத்தோடு அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஈய நைட்ரேட் போடுவது வழக்கம். கூடினால் ஈயமே துத்தநாகத்தை மூடிக்கொள்ளும், கடைசியில் வார்க்கும் டோரே (வெள்ளி–தங்கக் கலவை) கட்டியிலும் சேரும். கரைசலில் எந்த உலோகத்தோடும் சேராத தனிச் சயனைடு குறைந்தால் துத்தநாகத்தின் மேல் வெள்ளை ஹைட்ராக்சைடு படலம் கட்டும். தாதுவில் ஆன்டிமனி, ஆர்சனிக் இருந்தால் சிறு அளவே வீழ்படிவைக் கெடுத்துவிடும். செம்பு துத்தநாகத்தை வீணாகத் தின்னும். கையொப்பமிடும் முன் உங்கள் தாதுவைக் கரைத்த கரைசலிலேயே சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் தயாரித்த சுத்தக் கரைசலில் எந்த ஆலையும் 99 சதவீதம் காட்டும்.

இந்த முறையின் உண்மையான பலவீனம் களிமண். கார்பன் தொட்டி சேற்றோடு ஓடும், இது ஓடாது. கரைசலைப் பிரிக்க நான்கைந்து அடுக்கு திக்கனர்களில் (சேறு படியும் தொட்டிகளில்) எதிரோட்டமாகக் கழுவ வேண்டும். அங்கே வேலை கெடுவது பெரும்பாலும் ஆலையின் தவறு அல்ல, சுரங்கத்தின் தவறு. நீளத்துளையிட்டு அகலமாக வெடித்தால் தாது நரம்பின் ஓரத்து களிமண்ணும் சேர்ந்து வரும். அது படிய மறுக்கும், கடைசித் திக்கனரிலிருந்து வெள்ளி கழிவோடு போய்விடும். தாது வெட்டியெடுத்த அறையில் (ஸ்டோப்) போட்ட சிமென்ட் கலந்த நிரப்பு தாதுவோடு இடிந்து விழுந்தால் கால்சியம் ஏறி, வடிகட்டித் துணியிலும் கோபுரத்தின் நிரப்பிலும் சுண்ணாம்புப் படிவு கட்டும். அமிலத்தால் கழுவித்தான் அகற்ற வேண்டும்; அதற்கு முன் சயனைடு ஒரு துளியும் இல்லாதபடி தண்ணீரால் அலசியே தீர வேண்டும், இல்லையேல் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். ஆகவே சுரங்கப் பொறியாளரும் ஆலைப் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைபடம் போடாத திட்டத்துக்கு இந்த ஆலை வேண்டாம்.

உலோகம் உருக்கும் அறைக்கு வருவோம். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தாதுவில் அது சிறிதேனும் இருந்தால் வீழ்படிவை ரிட்டார்ட்டில் (பாதரச ஆவியைப் பிடிக்கும் மூடிய கலத்தில்) சூடாக்காமல் உலையில் போடக்கூடாது. மலிவுத் தொகுப்புகளில் ரிட்டார்ட் தனி விலையில் ‘விருப்பத்தேர்வு’ என்று இருக்கும். அந்தச் சொல்லை அடித்துவிட்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக் கொள்ளுங்கள். ஈரத் துத்தநாகம் ஹைட்ரஜனை விடும் என்பதால் பிரஸ் திறக்கும் கூடத்துக்குத் தனிக் காற்றோட்டமும் கேளுங்கள்.