வீட்டை அடகு வைத்து மாதப் பணம்: எட்டு வருட அனுபவம்

2017-ல் எனக்கு 67 வயது, மனைவிக்கு 62. திருச்சி கே.கே. நகரில் மனை வாங்கி நாங்களே கட்டிய வீடு. தனியார் வேலை என்பதால் இபிஎஸ் பென்ஷன் 2,300 ரூபாய்தான். பிஎஃப் பணம் மகள் கல்யாணத்தோடு தீர்ந்தது. பெங்களூரில் இருக்கும் மகனிடம் மாதா மாதம் கேட்க மனம் வரவில்லை. அப்போதுதான் ரிவர்ஸ் மார்ட்கேஜ் எடுத்தோம்.

வீட்டுக் கடனைத் திருப்பிப் போட்ட மாதிரி இது. வங்கி நமக்கு மாதம் பணம் தரும், நாம் தவணை கட்ட வேண்டாம். இருவரில் கடைசியாக இருப்பவர் காலம் வரை வீட்டில் இருக்கலாம். அதன்பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வங்கி விற்றுக் கடனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடும். வீட்டு விலை கடனைவிடக் குறைந்தாலும் பிள்ளைகளிடம் பாக்கி கேட்க முடியாது.

2007 பட்ஜெட்டில் வந்த திட்டம். பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால், கிளையில் எங்கள் முன் நீட்டியது சாதாரண ஹோம் லோன் ஃபார்ம்! மேனேஜர் மேலிடத்துக்கு நாலைந்து முறை போன் போட்ட பிறகுதான் விஷயம் நகர்ந்தது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டடம் இன்னும் 20 வருடம் தாங்கும் என்ற இன்ஜினியர் சான்று என்று அலைந்ததில் ஐந்து மாதம் போனது. நம் பெயரில் வாங்கிய, நாமே குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். பூர்வீகச் சொத்தை நம்பிப் போகாதீர்கள்.

மச்சினன்தான் நேருக்கு நேராகக் கேட்டான்: "வீட்டை வித்துத் திங்கிறதுக்குப் பேரு மாத்தி வச்சிருக்காங்க, அவ்வளவுதானே மாமா?" எனக்குப் பதில் வரவில்லை. மகன் மட்டும், "உங்க வீடுப்பா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே நாலு மாதம் தள்ளிப் போட்டிருந்தேன்.

சரி, கணக்குக்கு வருவோம். வீட்டு மதிப்பு 60 லட்சம். அதில் 80 சதவீதம், அதாவது 48 லட்சம், கடன் வரம்பு. அது நம் கைக்கு வரும் தொகை இல்லை, வட்டியும் சேர்த்துத்தான் 48 என்பது கையெழுத்துப் போடும்போது எனக்கு உறைக்கவில்லை. 10.5 சதவீத வட்டி, 15 வருடக் காலம் என்று வைத்தால் மாதம் கிடைப்பது சுமார் 11,000 ரூபாய். எட்டு வருடத்தில் நாங்கள் வாங்கியது பத்தரை லட்சம்; கடன் பதினாறரை லட்சத்தில் நிற்கிறது. வட்டிக்கு வட்டி இனிமேல்தான் வேகம் பிடிக்கும்.

இதே வீட்டுக்குப் பத்து வருடக் காலம் போட்டிருந்தால் மாதம் 22,000-க்கு மேல் வந்திருக்கும். காலம் முடிந்தால் பணம் நிற்குமே தவிர, வீட்டை விட்டு எழுப்ப மாட்டார்கள். எப்படியாவது ஐந்து வருடம் ஓட்டிவிட்டு, 72 வயதில் பத்து வருடக் காலத்துக்குப் போயிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

11,000 என்பது 2017-ல் மளிகை, மருந்து, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் கண்டது. இப்போது மருந்துக்கும் காய்கறிக்குமே சரியாகிவிடுகிறது. தொகை ஏறவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு உண்டு. எங்களுக்கும் ஆள் வந்து அளந்தார், மதிப்பைக் கூட்டியே எழுதினார், மாதத் தொகை மட்டும் அசையவில்லை. ஒரு நல்லது, இது வருமானமில்லை, கடன். அதனால் வரி கிடையாது.

மகன் சமீபத்தில் ஒரு கணக்குச் சொன்னான். இப்போது வீட்டை விற்று, கடனை அடைத்துவிட்டு, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆளுக்கு 30 லட்சம் போட்டால், 8.2 சதவீதத்தில் மாதத்துக்கு 41,000 வரும். கணக்கு சரிதான். ஆனால் வாடகை கொடுக்க வேண்டும், வட்டிக்கு வரி உண்டு, அப்புறம் வாசலில் இருக்கும் வேப்பமரத்தை எந்த ஹவுஸ் ஓனர் தருவார்?

சொத்து வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் நம் செலவுதான். போன மழையில் மொட்டை மாடி ஒழுகியது. "பேங்க்காரன் வீட்டுக்கு நாம எதுக்குங்க செலவு பண்ணணும்?" என்றாள் மனைவி. மறுநாள் காலையில் கொத்தனாருக்குப் போன் போட்டவளும் அவள்தான்.